பழைய கணிப்பொறியில் புதிய உறுப்பு
இடையில் நின்றுவிடும் பொறியைச் சீர்செய்யும் முறை

பழைய இயந்திரத்தில் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்த்தால் அது முன்னிலும் திறமையாக உழைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கிணற்றுப் பம்ப் செட்டுக்குப் புதிய மோட்டார் வைப்பவரும், தறிக்குப் புதிய ஜக்கார்டு பொருத்துபவரும் அந்த நம்பிக்கையோடுதான் பணத்தைச் செலவிடுகின்றனர். சங்க அலுவலகங்களில் உள்ள பழைய கணிப்பொறிகளின் விஷயமும் இத்தகையதே. பொறி மெதுவாக ஓடுகிறது என்று கருதி அதன் நினைவகத்தைக் கூட்டுகிறோம். அல்லது பழைய ஹார்டு டிஸ்க்கை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்துகிறோம். பெரும்பாலான இடங்களில் நற்பலனே விளைகிறது. ஆயினும் சில இடங்களில், நேற்று வரை மெதுவாகவேனும் ஓடிக்கொண்டிருந்த பொறி, புதிய உறுப்பைப் பெற்ற பின் வேலையின் நடுவே திடீரென்று நின்றுவிடுகிறது. திரையில் உள்ளது உள்ளபடியே இருக்கிறது. விசைகளைத் தட்டியும் பயனில்லை. மவுஸை அசைத்தாலும் குறி நகர்வதில்லை. பேச்சு வழக்கில் இதனையே பொறி 'ஹேங்' ஆகிவிட்டது என்கிறோம்.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க, 63,000 சங்கங்களுக்கென 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. எனினும் எல்லாச் சங்கங்களிலும் எல்லாப் பொறிகளும் புதியவை அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த பொறியிலேயே கூலிப் பட்டியலும் கடன் கணக்கும் எழுதி வரும் சங்கங்கள் உள்ளன. அவற்றின் செயலாளர்களுக்கும் எழுத்தர்களுக்கும் பயன்படும் வகையில், இக்கோளாற்றை ஆராயும் முறையை இங்கு எடுத்துரைப்போம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

பொறி நின்றுவிடுவதால் நேரம் வீணாகிறது. அதனினும் பெரிய தீங்கு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நிகழக் கூடும். கணக்கைப் பதிவு செய்துகொண்டிருக்கும் வேளையில் பொறி நின்றால், அப்பதிவு ஏறியதா, ஏறவில்லையா என்பது எழுத்தருக்குத் தெரியாது. ஏறவில்லை என்று எண்ணி அவர் மீண்டும் எழுதினால் ஒரே வரவு இரண்டாகிவிடும். ஏறிவிட்டது என்று எண்ணி அடுத்ததற்குச் சென்றால் ஒரு வரவு விடுபட்டுப் போகும்.

கோளாறு நினைவகத்திலேயே இருப்பின் நிலைமை இன்னும் மோசம். 'ராம்' என வழங்கும் நினைவகமே, பொறி கணக்கிடும்போது எண்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். சாதாரண மேசைக் கணிப்பொறிகளில் உள்ள ராமில், தன்னிடம் வைத்த எண் மாறிவிட்டதா என்று தானே சரிபார்க்கும் வசதி பொதுவாக இல்லை. பெரிய சர்வர்களில் அது உண்டு. ஆகையால் பழுதுபட்ட ராம் ஒரு நேரம் பொறியை நிறுத்தும்; மற்றொரு நேரம் நிறுத்தாமலே தவறான எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். அத்தவறு ஹார்டு டிஸ்க்கிலும் எழுதப்பட்டுவிடலாம். எனவே, "நாளைக்கு இரண்டு முறைதானே நிற்கிறது, மறுபடி இயக்கிக்கொள்ளலாம்" என்று அப்பொறியிலேயே வேலையைத் தொடர்வது, ஓட்டை இருப்பதாகத் தெரிந்த சாக்கில் நெல்லை அளந்து போடுவதற்கு ஒப்பாகும்.

முதற் கடமை

பொறி நிற்கத் தொடங்கியவுடன் புதிய பதிவுகளை நிறுத்திவிட வேண்டும். அன்றைய வரவு செலவுகளைக் கையால் நாளேட்டில் எழுதி வருக. பின்னர், எந்தப் புதிய உறுப்பைச் சேர்த்தோமோ அதனைக் கழற்றிவிட்டுப் பொறியை முந்தைய நிலைக்குக் கொண்டுவருக. அந்நிலையில் பொறி ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்த்து, கணக்குக் கோப்புகளைப் புதியதொரு பென் டிரைவில் படி எடுக்க வேண்டும். கோளாறு தொடங்குவதற்கு முன் எடுத்து வைத்த பழைய படியின் மேல் இதனை எழுதிவிடலாகாது. பழைய படியே ஐயத்திற்கு இடமில்லாத சாட்சி. ஒப்பிட்டுப் பார்க்கும் தேவை பின்னர் வரும்.

பெட்டியைத் திறக்கும் முன் மின் இணைப்பை நீக்கி, இயக்கும் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரம் வடியச் செய்க. பெட்டியின் வர்ணம் பூசப்படாத இரும்புப் பகுதியை முதலில் தொட்டுவிட்டே உள்ளே கை வைக்க வேண்டும். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் ராமைக் கெடுக்க வல்லது. எந்தக் கேபிள் எங்கே செருகப்பட்டுள்ளது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நன்று.

குறிகளை உற்றுநோக்குதல்

வைத்தியர் நாடி பார்ப்பது போல, பொறி எப்போது, எவ்வாறு நிற்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நின்ற நிலையில் 'நம் லாக்' விசையைத் தட்டிப் பாருங்கள். விசைப்பலகையிலுள்ள அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமாயின், பொறியின் மூளை இன்னும் வேலை செய்கிறது. மென்பொருளோ ஹார்டு டிஸ்க்கோ பதில் தரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கும் மாறவில்லையெனில் ராம், வெப்பம், மின்சாரம் ஆகியவற்றை முதலில் ஐயுற வேண்டும்.

இயக்கிய இருபது முப்பது நிமிடங்களில் தவறாது நிற்குமாயின் வெப்பம் காரணமாகலாம். ஒழுங்கின்றி, எந்த வேலையிலும் எந்த நேரத்திலும் நின்றால் ராம் காரணமாகலாம். கோப்பைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும், டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருக்க நின்றால், டிஸ்க்கையும் அதன் கேபிளையும் ஆராய்க. இவை உறுதியான தீர்ப்புகள் அல்ல. விசாரணையை எங்கே தொடங்குவது என்று காட்டும் குறிகள் மட்டுமே.

ராமின் வகையும் சோதனையும்

ராமில் பல தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர்.2 வகைக்கு 1.8 வோல்ட்டும், டி.டி.ஆர்.3 வகைக்கு 1.5 வோல்ட்டும், டி.டி.ஆர்.4 வகைக்கு 1.2 வோல்ட்டும் இயல்பான மின்னழுத்தம். முன்னிரண்டிற்கும் 240 இணைப்பு முனைகளே எனினும், நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்திருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. எனவே தலைமுறை மாறிப் பொருத்துவது அரிது. தொல்லை வருவது ஒரே தலைமுறைக்குள்தான். வேகம் வேறுபட்ட இரு ராம்களைச் சேர்த்தால் மதர்போர்டு இரண்டையும் மெதுவானதன் வேகத்தில் ஓட்ட முயலும். பெரும்பாலும் அது பொருந்தும். சில வேளை பொருந்தாது. நாற்பதாம் நம்பர் நூலையும் எண்பதாம் நம்பர் நூலையும் ஒரே பாவில் ஓட்டினால் இழுவிசை ஒத்துவராததை நெசவாளர் அறிவர். நூல் இரண்டும் தனித்தனியே நல்ல நூல்தான்.

சந்தையில் மலிவாக விற்கப்படும் 4 ஜி.பி. டி.டி.ஆர்.2 ராம்களில் சில, ஏ.எம்.டி. பிராசஸர் உள்ள பொறிகளுக்கு மட்டுமே உரியவை; இன்டெல் மதர்போர்டில் அவை உதவா. இன்டெல் ஜி41 சிப்செட் கொண்ட பழைய மதர்போர்டுகளும், சில்லுகள் குறைவாகவும் ஒவ்வொன்றின் கொள்ளளவு மிகுதியாகவும் உள்ள புதிய டி.டி.ஆர்.3 ராம்களை ஏற்பதில்லை. ஆகவே ராம் வாங்கும் முன், பொருத்தியுள்ள ராமின் சீட்டையும் மதர்போர்டின் பெயர் எண்ணையும் குறித்துச் சென்று, பொருந்தாவிடில் மாற்றித் தருவதாகக் கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுதல் நலம்.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86+ என்னும் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் தொடங்காமலே அதனை ஓட்டலாம். விண்டோஸ் 7 முதலிய பதிப்புகளில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனையும் உடன் வருகிறது. எனினும் முன்னதே கடுமையானது. இரவு முழுவதும் ஓட விட்டுக் காலையில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் பிழையே. நூற்றில் ஒன்றுதானே என்று தள்ளிவிட இடமில்லை. நான்கு நிலைகளில் இச்சோதனையைச் செய்க:

1. பழைய ராம் மட்டும், பழைய ஸ்லாட்டில். இதிலும் பிழை வந்தால் புதிய ராமின் மேல் பழியில்லை. பழைய ராமே தேய்ந்திருக்கலாம். அல்லது பெட்டியைத் திறந்தபோது வேறேதோ அசைந்திருக்கலாம்.

2. புதிய ராம் மட்டும், அதே ஸ்லாட்டில். இதில் மட்டும் பிழை வந்தால் புதியது பழுது, அல்லது அம்மதர்போர்டுக்குப் பொருந்தாதது.

3. பழைய ராம் மட்டும், இரண்டாம் ஸ்லாட்டில். முதல் ஸ்லாட்டில் தேறியது இங்கே தவறினால் ஸ்லாட்டில் தூசியோ பழுதோ உண்டு. தூசியை ஊதி நீக்கி, ராமின் பொன்னிற முனைகளை மென்மையான அழிப்பானால் மெல்லத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு மீண்டும் பார்க்கலாம்.

4. இரண்டும் சேர்ந்து. தனித்தனியே தேறியவை சேர்ந்தபோது தவறினால், ஒவ்வொன்றும் நல்லதே, சேர்க்கைதான் பொருந்தவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதே இம்முறையின் உயிர். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், பொறி சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. மறுமாதம் அதே கோளாறு வரும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்து வரவேண்டியிருக்கும்.

ஒரு சங்கத்தின் அனுபவம்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஆய்வுக்குச் சென்றபோது இந்நிலையை நேரில் காண நேர்ந்தது. அங்கிருந்தது கோர் 2 டியோ வகைப் பழைய பொறி. அதிலிருந்த 2 ஜி.பி. ராமோடு, வேறொரு தயாரிப்பைச் சேர்ந்த, வேகம் மிகுந்த 2 ஜி.பி. ராம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம். கூலிப் பட்டியல் போடும் நெருக்கடி. பொறி நாளைக்கு நான்கைந்து முறை நின்றது. மின்சாரக் குறைபாடு என்றார் மேலாளர். பிரிண்டரின் கோளாறு என்றார் எழுத்தர். பழுது பார்க்க வந்தவரோ விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றவேண்டும் என்று அதற்கும் கூலி பேசியிருந்தார்.

அதனை ஒத்தி வைக்கச் செய்து, புதிய ராமைக் கழற்றிக் கோப்புகளுக்குப் படி எடுத்தோம். பின்னர் மேற்கூறிய சோதனைகள் ஒவ்வோர் இரவும் ஒன்றாக நடந்தன. பழையது தனியே தேறியது. புதியதும் தனியே தேறியது. இரண்டாம் ஸ்லாட்டும் தேறியது. இரண்டும் சேர்ந்தபோதோ ஒரு மணி நேரத்திற்குள் திரையில் சிவப்பு வரிகள் தோன்றின. பழைய ராமின் வகையையும் வேகத்தையும் ஒத்த வேறொன்றைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அதனோடு இரவு முழுவதும் ஒரு பிழையும் இல்லை. பொறி அதன்பின் நிற்கவுமில்லை.

வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை. கோளாறு இருந்த ஐந்து நாட்களின் பதிவுகள் அனைத்தையும், நெசவாளர்களின் பாஸ் புத்தகங்களோடும் துணி வரவுப் பதிவேட்டோடும் வரி வரியாக ஒப்பிட்டோம். மூவருக்குக் கூலி இருமுறை ஏறியிருந்தது. முதிய அம்மையார் ஒருவர் கொண்டுவந்து ஒப்படைத்த இரண்டு சேலைகள் வரவிலேயே இல்லை. பாஸ் புத்தகத்தில் மேலாளரின் கையொப்பம் இருந்தமையால் அவருடைய கூலி அவருக்குக் கிடைத்தது. அந்த ஒப்பீட்டைச் செய்யாதிருந்தால், பொறி கொடுத்த பட்டியலே உண்மை என்று கொள்ளப்பட்டு, பண்டிகைக்கு முன் அவர் தம் உழைப்பின் பயனை இழந்திருப்பார்; தாம் கொண்டுவந்து கொடுத்ததை அவரே மெய்ப்பிக்க வேண்டிய நிலையும் வந்திருக்கும்.

வெப்பமும் மின்சாரமும் கேபிளும்

நிற்க. எல்லாக் குற்றமும் ராமைச் சார்ந்ததன்று. ராமைச் செருகுவதற்காக மதர்போர்டை அழுத்தும்போது, பிராசஸரின் மேலுள்ள விசிறியைத் தாங்கும் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று நழுவிவிடுவதுண்டு. விசிறி சுழலும், ஆனால் அதன் அடியிலுள்ள உலோகம் பிராசஸரோடு ஒட்டி நில்லாமையால் வெப்பம் வெளியேறாது. தறிக்கூடத்தை ஒட்டிய அலுவலகங்களில் பஞ்சுத் துகளும், உரக் கிடங்கை ஒட்டிய அலுவலகங்களில் உரத்தூளும் விசிறியின் அடியில் கம்பளம் போல் படிகின்றன. அதனைத் தூரிகையால் நீக்கி, உலர்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினாலே நின்றுகொண்டிருந்த பொறிகள் ஓடியதுண்டு.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்சாரப் பெட்டி. ராம் உண்ணும் மின்சாரம் சில வாட் மட்டுமே. ஆகையால் ராம் சேர்ப்பதால் இதன் சுமை அதிகம் கூடாது. கிராபிக்ஸ் கார்டு அவ்வாறன்று. ஸ்லாட்டின் வழியாக மட்டுமே 75 வாட் வரை இழுக்கக் கூடியது. மெல்லிய பழைய ஒயரில் பெரிய மோட்டாரைக் கோத்தால் நேர்வதே இங்கும் நேரும். பொறி உழைக்கும் நேரத்தில் 12 வோல்ட் இணைப்பு 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் இணைப்பு 4.75 முதல் 5.25 வரையிலும் இருக்க வேண்டும். இவ்வெல்லையைத் தாண்டினால் பெட்டியை மாற்றுக. அதனைப் பிரித்துப் பார்க்க முயல வேண்டாம். மின் இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்திய பின் பொறி நின்றால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். விண்டோஸின் 'ஈவன்ட் வியூவர்' பதிவில் 129 என்ற எண்ணுடன் எச்சரிக்கைகள் தொடர்ந்து காணப்பட்டால், டிஸ்க் உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்று பொருள். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் 'ஸ்மார்ட்' அறிக்கையில் 199ஆம் வரியிலுள்ள எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிளே குற்றவாளி. சிறு தொகையில் தீரவேண்டியதற்குப் புதிய டிஸ்க் வாங்கிய இடங்களும் உண்டு.

மதர்போர்டிலுள்ள காசு போன்ற சி.ஆர்.2032 பாட்டரி 3 வோல்ட் உடையது. பொறியின் தேதி அடிக்கடி பின்னோக்கிப் போனால் அதனை மாற்ற வேண்டும். ஆனால் அதனைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகள் அழியும். டிஸ்க்கின் அமைப்பு ஏ.எச்.சி.ஐ. என்பதிலிருந்து ஐ.டி.ஈ. என மாறிவிட்டால் விண்டோஸ் தொடங்காமலே போகலாம். எனவே கழற்றும் முன் அத்திரைகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்க.

செய்யத்தகாதவை

ராம் சோதனை முடியும் முன் விண்டோஸைப் புதிதாக ஏற்றலாகாது. பழுதுள்ள நினைவகத்தின் வழியாக ஏற்றப்படும் விண்டோஸும் பழுதோடுதான் அமையும். பொறி ஓடும்போது எந்த உறுப்பையும் கழற்றுவதோ செருகுவதோ கூடாது. ஒருவர் சொன்னார் என்று ஓர் உறுப்பும், மற்றொருவர் சொன்னார் என்று வேறோர் உறுப்புமாக வாங்கிக் குவிப்பது சங்கப் பணத்திற்குச் செய்யும் தீங்கு. சோதனையில் தவறியது எதுவோ அதனை மட்டுமே வாங்குக.

விண்டோஸ் 32 பிட் பதிப்பாயின் எத்தனை ராம் பொருத்தினாலும் அது பயன்படுத்துவது ஏறத்தாழ மூன்று, மூன்றரை ஜி.பி. அளவே என்பதையும் நினைவிற் கொள்க. அத்தகைய பொறியில் 8 ஜி.பி. பொருத்துவது, சிறு குதிரில் வண்டி வண்டியாக நெல்லைக் கொட்டுவது போலாகும்.

எப்போது விடை கொடுப்பது?

பழையதைப் போற்றுதல் சிக்கனம். எல்லை கடந்து போற்றுதல் சிக்கனமாகாது. 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் செய்யப்பட்ட மதர்போர்டுகள் பலவற்றில் தரங்குறைந்த கபாசிட்டர்கள் இடம்பெற்றன. உருளை வடிவான அவற்றின் மேற்பகுதி உப்பியோ கசிந்தோ காணப்பட்டால், அப்பொறிக்கு இனி ஓர் உறுப்பும் வாங்க வேண்டாம். விண்டோஸ் 7க்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14லும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14லும் முடிந்துவிட்டன. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே இணையத்தோடு இணைந்து பணப் பரிமாற்றம் செய்யும் வேலைக்கு அத்தகைய பழைய பொறி தகாது. கடிதம் எழுதவும் பட்டியல் அச்சிடவும் இணையத் தொடர்பின்றி அதனை வைத்துக்கொள்ளலாம். கழித்துக்கட்டும்போது டிஸ்க்கை எடுத்து வைத்துக்கொண்டே பொறியைக் கொடுக்க வேண்டும். அதில் உறுப்பினர்களின் கணக்குகள் உள்ளன.

இறுதியாக ஒரு யோசனை. தளவாடப் பதிவேட்டில் கணிப்பொறிக்கென இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எந்த உறுப்பு, எந்தத் தேதியில், எந்தக் கடையில், எந்த எண்ணுடன் வாங்கப்பட்டது, அதன்பின் பொறி எப்படி ஓடியது, எந்தச் சோதனை என்ன காட்டியது என்று தேதியிட்டு எழுதி வருக. கணக்கு இசையவில்லையெனில் கடைசியாக எழுதிய பதிவுகளை முதலில் பார்ப்பது நம் வழக்கம். பொறி இசையவில்லையெனில் கடைசியாகச் செய்த மாற்றத்தை முதலில் பார்க்க வேண்டும். அம்மாற்றம் எது என்பதை அந்த இரண்டு பக்கம் உடனே காட்டிவிடும். எழுத்தர் மாறினாலும், மேலாளர் மாறினாலும், பழுது பார்க்க வருபவர் மாறினாலும் அப்பக்கங்கள் சங்கத்திலேயே இருக்கும். அவற்றை அடுத்த மாதக் கூட்டத்திற்கு முன் தொடங்கிவிடுமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.